கி, நோ-கி: துணி போனால் கூடவே என்னென்ன போகும்?

கி என்னும் தடித்த பருத்தி உடுப்பு போட்டு ஓராண்டு ஜியு-ஜிட்சு பழகியவரை, அந்த உடுப்பு இல்லாமல் ஆடும் நோ-கி வகுப்பில் முதல்முறையாக இறக்கிவிட்டால், அவர் முதலில் பறிகொடுப்பது ஆர்ம்பாரைத்தான், அதாவது எதிராளியின் கையை நேராக நீட்டிப் போடும் முழங்கைப் பூட்டை. கார்டில், அதாவது கீழே கிடந்து கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் நிலையில், மல்லாந்தபடி கையைப் பிடிப்பார், இடுப்பைத் திருப்புவார், காலைத் தலைக்கு மேலே போடுவார். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கையை நீட்டி முடிக்க வேண்டிய நேரத்தில் எதிராளியின் முழங்கை சர்ரென்று வழுக்கி வெளியே போய்விடும்.

செய்முறையில் பிசகு எதுவும் இல்லை. எதிராளியின் சட்டைக்கையும் தன் தொடையில் இருந்த பேன்ட்டும் இத்தனை நாளும் அவருக்கே தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தன. பருத்தியோடு பருத்தி உரசும்போது முழங்கை சிக்கிக்கொள்ளும். கால்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தாலும் கியில் தாக்குப்பிடிக்கலாம். வியர்த்த தோலில் அந்த இடைவெளியே வாசல்.

நோ-கியில் இதே ஆர்ம்பார் நிற்க வேண்டுமென்றால் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முழங்கால்கள் இரண்டும் எதிராளியின் மேற்கையை நெருக்கிப் பிடித்திருக்க வேண்டும். குதிகால்களை உங்கள் பின்பக்கம் நோக்கி இழுத்தால் முழங்கால்கள் தானாகவே நெருங்கும். இடுப்பு அவருடைய தோளில் ஒட்டியிருக்க வேண்டும், அவருடைய முழங்கை உங்கள் இடுப்பைத் தாண்டி வயிற்றுப் பக்கம் வந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, உள்ளங்கையால் மட்டும் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கக் கூடாது. உங்கள் முழங்கை மடிப்பை அவருடைய முன்கையில் கொக்கிபோல் மாட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் நீட்ட வேண்டும். அவர் கட்டைவிரலைத் தரைப்பக்கம் திருப்பிச் சுழல ஆரம்பித்தால் ஹிட்ச்ஹைக்கர் வழியாகத் தப்பப் பார்க்கிறார் என்று அர்த்தம். அப்போது இடுப்பைத் தூக்கி இன்னும் பலமாக இழுப்பதில் பிரயோஜனமில்லை. அவர் சுழலும் திசையிலேயே நீங்களும் போய், முழங்காலின் நெருக்கம் விடாமல் தொடர வேண்டும்.

இந்த ஒரு பிடியைப் பார்த்தாலே மற்றதெல்லாம் புரிந்துவிடும். கியில் பிடித்த பிடி அங்கேயே இருக்கும். நீங்கள் மூச்சு வாங்கலாம், யோசிக்கலாம், அடுத்த காலை எங்கே வைப்பது என்று திட்டம் போடலாம். நோ-கியில் பிடிக்கு ஆயுள் ஒன்றிரண்டு நொடி. அதற்குள் இடுப்பு, தோள், தலை, முழங்கால் என்று ஏதாவதொன்றை ஆப்பாகச் செருகி எதிராளியை நிறுத்தவில்லை என்றால் பிடித்ததே வீண். "கி டெக்னிக்கலானது, நோ-கி அத்லெட்டிக்கானது" என்று ஜிம்மில் அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மைதான். நோ-கியில் டெக்னிக் குறைவதில்லை. நெருக்கத்துக்கும் நேரத்துக்கும் இடம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

எங்கே பிடிப்பது

தோலில் பிடிக்கும்போது கை வழுக்கிப் போய் நிற்கக்கூடிய இடம் வேண்டும். உறுப்பு குறுகி மறுபடி அகலும் இடங்கள்தான் அவை. மணிக்கட்டு, உள்ளங்கை தொடங்குவதற்குச் சற்று முன்னால். கணுக்கால், குதிகாலுக்கு நேர் மேலே. மேற்கையின் பின்புறம், முழங்கைக்கு ஒட்டினாற்போல். முழங்காலின் பின்மடிப்பு. பின்மண்டை. முன்கையின் நடுவிலோ கெண்டைக்காலிலோ பிடித்தால் வழுக்கித்தான் போகும். வகுப்பில் புதியவர்கள் "எனக்குப் பிடியில் பலம் இல்லை" என்று சொல்வதில் பாதி, தவறான இடத்தில் பிடிப்பதால் வரும் சிக்கல்.

மணிக்கட்டை இழுக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் சேர்த்துக் கொக்கிபோல் பிடிப்பவர்கள் அதிகம். இழுப்பதற்கு அது நல்லது. தள்ளிச் சுழற்ற வேண்டுமென்றால் கட்டைவிரலைச் சுற்றிப் போட்டுப் பிடிக்கலாம். இரண்டு கைகளைப் பூட்டும்போது உள்ளங்கையோடு உள்ளங்கை வைக்கும் கேபிள் கிரிப், விரல்கொக்கி போடும் எஸ்-கிரிப் இரண்டும் போதும். விரல்களைக் கோத்துப் பூட்டுவது மட்டும் வேண்டாம். அவசரத்தில் பிரிக்க வராது, எதிராளி நெருக்கினால் விரல் மடங்கும்.

கிப் பிடிகள் இதைவிட வகைவகையானவை. சட்டைக்கை நுனியைச் சுண்டுவிரல் பக்கமிருந்து திரட்டி முறுக்கும் பிஸ்டல் கிரிப், துணியை வெளிப்பக்கமாக மடித்துப் பை மாதிரி ஆக்கி அதற்குள் விரல் விடும் பாக்கெட் கிரிப், முழங்காலருகே பேன்ட்டைத் திரட்டிப் பிடிப்பது. இதில் ஒரு விதி: சட்டைக்கைக்கு உள்ளேயோ பேன்ட் நுனிக்கு உள்ளேயோ விரல்களை நுழைக்க, சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளில் அனுமதி கிடையாது. எதிராளி கையை முறுக்கினால் விரல்கள் உள்ளேயே சிக்கி உடைந்துவிடும் என்பதால்தான். நோ-கியில் எதிராளியின் உடுப்பையே தொட்டுப் பிடிக்கக் கூடாது, அது ராஷ்கார்டு என்னும் இறுக்கமான மேலுடுப்பானாலும் ஷார்ட்ஸானாலும். கிப் பழக்கம் உள்ளவரின் விரல் தன்னையறியாமல் ஷார்ட்ஸ் விளிம்பில் போய் மாட்டும். முதல் சில வாரம் இதை யாராவது சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிடியை விடுவிப்பதிலும் இதே கதைதான். தோலில் மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவரின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சந்திக்கும் இடைவெளி வழியாக முழங்கையை மடக்கி ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். சட்டைக்கையில் பிஸ்டல் கிரிப் விழுந்துவிட்டால் ஒரு கையால் முடியாது. பிடிபட்ட கையை மறுகையோடு சேர்த்துப் பூட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பு முழுவதையும் கொண்டுதான் பிய்க்க வேண்டும். அதற்குள் அவர் அடுத்த பிடியைப் போட்டிருப்பார். கியில் பிடிச்சண்டையில் தோற்றவர் பாதி ரோலை (பயிற்சிச் சண்டையை) தோற்றவர்.

நின்றபடி

கி உடுப்பு ஜூடோவிலிருந்து வந்தது. கனோ ஜிகோரோ 1882-இல் கோடோகான் தொடங்கியபின் வளர்ந்த அந்த ஆட்டத்தை, 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்த மித்சுயோ மயேடா வழியாகக் கார்லோஸ் கிரேசி கற்றார். ஆகவே கியில் நின்று ஆடும்போது பாணி ஜூடோவுடையது: ஒரு கை காலரில், மறுகை சட்டைக்கையில், எதிராளியைச் சாய்த்து, சுழன்று, இடுப்பில் ஏற்றி எறிவது. கையை நீட்டி எதிராளியைத் தூரத்தில் நிறுத்திவைக்கவும் முடியும்.

காலரும் சட்டைக்கையும் இல்லையென்றால் தூரத்தில் நிறுத்த வழியில்லை. ஆட்டம் மல்யுத்தமாகிவிடும்: காலர்-டை (பின்மண்டையில் பிடி), அண்டர்ஹூக் (அக்குளுக்கு அடியில் கையை நுழைப்பது), டூ-ஆன்-ஒன் (அவருடைய ஒரு கையை இரண்டு கையாலும் பிடிப்பது), அங்கிருந்து சிங்கிள் லெக் (ஒரு காலைப் பிடித்துச் சாய்ப்பது) அல்லது பாடிலாக் (உடம்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டுவது). காலர்-டையில் பெரும்பாலோர் செய்யும் பிழை, கையைப் பிடரியில் வைத்துக் கீழே தொங்குவது. கை பின்மண்டை மேட்டில் இருக்க வேண்டும், முழங்கை அவருடைய காறையெலும்பில் ஊன்றி உள்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். முழங்கை வெளியே விரிந்தால் அதன் அடியில் எதிராளி தலையை நுழைத்து முதுகுக்குப் போய்விடுவார்.

உட்கார்ந்து கார்டு எடுப்பதிலும் வேறுபாடு உண்டு. கியில் காலரையும் சட்டைக்கையையும் பிடித்தபின் உட்காரலாம், பிடி உங்களோடு கீழே வரும். நோ-கியில் வெறுமனே உட்கார்ந்தால் எதிராளிக்கு இரண்டு கணுக்காலையும் தாரைவார்த்த மாதிரி. உட்காரும் முன்பே ஒரு அண்டர்ஹூக்கோ, மேற்கையில் ஒரு பிடியோ, தொடைக்குள் பாதத்தைச் செருகிய பட்டர்ஃப்ளை கொக்கியோ இருக்க வேண்டும். ஏடிசிசி என்னும் பெரிய நோ-கிப் போட்டியில் புள்ளிகள் எண்ணப்படும் பாதியில் தானாக உட்கார்ந்தால் ஒரு புள்ளி கழித்தும்விடுவார்கள்.

கார்டும் பாஸும்

ஸ்பைடர், லாசோ, காலர்-ஸ்லீவ், கீனன் கார்னேலியஸ் பிரபலமாக்கிய வார்ம் கார்டு ஆகிய, துணியைப் பிடித்து ஆடும் கார்டுகள் துணி இல்லாவிட்டால் அப்படியே மறைந்துவிடும். டி லா ரீவா (எதிராளியின் காலை வெளிப்பக்கமிருந்து காலால் கொக்கி போடும் கார்டு) பாதி உயிரோடு இருக்கும்: கால்கொக்கி அதேதான், ஆனால் குதிகாலில் வைத்த கை வழுக்கும் என்பதால் அங்கே தங்கிக்கொண்டிருக்காமல் சட்டென்று முதுகுக்கோ கால்பூட்டுக்கோ போக வேண்டும். பட்டர்ஃப்ளை, ஹாஃப் கார்டு, எக்ஸ்-கார்டு இரண்டு பக்கமும் செல்லும். மார்செலோ கார்சியாவின் ஆட்டத்தைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். சட்டைக்கையையே பெரிதாக நம்பாமல், அண்டர்ஹூக்கும் தோளுக்கும் அக்குளுக்கும் குறுக்கே போடும் சீட்பெல்ட்டுமாக ஆடியதால், கியிலும் நோ-கியிலும் ஏறத்தாழ ஒரே ஆட்டத்தை அவரால் ஆட முடிந்தது. 2003-இல் சாவோ பாவ்லோவில் நடந்த ஏடிசிசியில் அவர் பெயர் வெளியே தெரிந்ததும் அப்படித்தான்.

மேலேயிருந்து பாஸ் பண்ணுபவருக்கு, அதாவது கார்டு போட்டவரின் கால்களைத் தாண்டிப் போகிறவருக்கு, கியில் டொரியாண்டோ எளிது: இரண்டு முழங்காலிலும் பேன்ட்டைப் பிடித்து ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடலாம். நோ-கியில் இதே பாஸ் வேண்டுமானால் கெண்டைக்காலை உள்ளங்கையால் தள்ளும் வேகம் வேண்டும், அந்தத் தள்ளு முடியும் முன்பே தோள் அவருடைய இடுப்பில் இறங்கியிருக்க வேண்டும். அதனால்தான் பாடிலாக் பாஸ் இவ்வளவு பரவியது. எதிராளி உட்கார்ந்திருக்கும்போது இரண்டு கைகளையும் அவர் இடுப்பைச் சுற்றிப் பூட்டி, தலையை மார்பில் ஊன்றி, உங்கள் இடுப்பைத் தரைக்கு இறக்கிவிட்டால் அவருடைய பட்டர்ஃப்ளை கொக்கிகள் தூக்கும் பலத்தை இழந்துவிடும். பிறகு ஒவ்வொரு முழங்காலாகத் தாண்டலாம். அவசரப்பட்டுக் கொக்கியை நசுக்கும் முன் ஒரு பக்கம் போனால் அந்தக் கொக்கியாலேயே உங்களைத் தூக்கிக் கவிழ்ப்பார்.

வழுக்கல் யார் பக்கம்?

வியர்வை எப்போதும் தப்பிப்பவருக்கே உதவும் என்று ஒரு நினைப்பு உண்டு. சோக், அதாவது கழுத்தை நெரிக்கும் பிடி விஷயத்தில் இது பெரும்பாலும் தலைகீழ். கில்லட்டின், டார்ஸ், அனகோண்டா மூன்றிலும் கை எதிராளியின் கழுத்தைச் சுற்றி ஆழமாக நுழைந்தாக வேண்டும். கியில் தடித்த காலர் நடுவில் முட்டுக்கட்டை போடும், துணியும் துணியும் உரசிக் கை பாதியிலேயே நிற்கும். ராஷ்கார்டில் அதே கை வழுக்கி உள்ளே போய்விடும். பின்னாலிருந்து போடும் ரியர் நேக்கட் சோக்கும் அப்படியே: முதல் இரண்டு நிமிடம் தாடையில் முட்டிக்கொண்டிருந்த முன்கை, இருவரும் வியர்த்தபின் தாடைக்கு அடியில் நழுவி இறங்கும். மூட்டுப்பூட்டுகளை ரோலின் ஆரம்பத்திலும் சோக்கை நேரம் போனபின்பும் தேடுவது நோ-கியில் நல்ல கணக்கு.

கியில் சோக்கே தனி உலகம். காலர் ஒரு கயிறு, அதுவும் எதிராளியின் கழுத்தைச் சுற்றி ஏற்கெனவே கட்டியிருக்கும் கயிறு. எதிராளியின் மேல் ஏறி உட்காரும் மவுன்ட்டிலிருந்து போடும் கிராஸ் காலரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கையின் நான்கு விரல்களும் காலருக்குள், முட்டி பிடரியைத் தொடும்வரை. இங்கே அவசரப்பட்டு நெஞ்சு மட்டத்தில் பிடித்தவருக்கு என்ன முறுக்கினாலும் கழுத்து எரியுமே தவிர மயக்கம் வராது. இரண்டாவது கை முதல் கையின் அடியில் புகுந்து மறுபக்கக் காலரைப் பிடிக்கும். பிறகு மணிக்கட்டுகளை உள்ளே திருப்பி, முழங்கைகளை உங்கள் விலாவை நோக்கி இழுத்து, நெஞ்சைத் தரைக்கு இறக்க வேண்டும். புஜத்தால் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் கை மரத்துப்போகும். 2009 உலகப் போட்டியில் ரோஜர் கிரேசி இதைத்தான் செய்தார்: வெள்ளை பெல்ட் முதல் வாரத்தில் படிக்கும் சோக், யாராலும் தடுக்க முடியவில்லை. அதே ரோஜர் 2005 ஏடிசிசியில் கி இல்லாமல் தன் எடைப்பிரிவு, எல்லா எடையினரும் மோதும் அப்சல்யூட் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அங்கே காலர் இல்லை, முதுகுக்குப் போய்ப் போடும் சோக் இருந்தது.

கால்கள், விதிகள்

நோ-கியின் தனி முத்திரை கால்பூட்டு. ஹீல் ஹூக் என்பது பாதத்தைத் திருகுவதுபோல் தெரியும், அடி விழுவது முழங்காலில். குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டி, தொடையை உங்கள் கால்களால் பூட்டியபின் உடம்பைத் திருப்பினால் முழங்கால் தசைநார்கள் கிழியும். ஆர்ம்பார்போல் இதில் வலி முன்கூட்டி எச்சரிக்காது. வலி தெரியும்போது கிழிந்திருக்கும். ஆகவே பயிற்சியில் குதிகால் மாட்டியதும் பூட்டு போடுபவர் நிறுத்த வேண்டும், மாட்டுப்பட்டவர் உடனே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள (டேப் அடிக்க) வேண்டும். தவறான பக்கம் உருளுவதுதான் புதியவர்கள் காலை இழக்கும் வழி. திருகும் திசையிலேயே, முழங்காலுக்கு முறுக்கு ஏறாதபடி உருளக் கற்றுக்கொள்ளும்வரை உருளவே வேண்டாம்.

கியில் எந்த பெல்ட்டுக்கும் ஹீல் ஹூக் கிடையாது. பேன்ட் துணி உராய்வால் காலை இழுத்துத் தப்பும் வாய்ப்பு குறைவு என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஐபிஜேஜேஎஃப் 2021-இல்தான் நோ-கியில், அதுவும் வயதுவந்தோர் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும், இதை அனுமதித்தது. அபுதாபியில் 1998-இல் தொடங்கிய ஏடிசிசியில் முதலிலிருந்தே உண்டு. நியூயார்க்கில் ஜான் டனஹர் தன் மாணவர்களான கேரி டோனன், எடி கம்மிங்ஸ், கார்டன் ரயன் போன்றோரோடு கால்பூட்டுகளை ஒரு முறையான அமைப்பாக்கியபின், கால்களைக் கண்டுகொள்ளாமல் நோ-கி ஆடுவது சாத்தியமில்லாமல் போயிற்று. கியில் எதிராளியின் கால்களுக்கு நடுவே சாவகாசமாக நிற்கும் பழக்கம் உள்ளவர் இதை வேகமாகப் புரிந்துகொள்வார்.

துணிமணி

கி வாங்கும்போது நெசவின் எடையைக் கேளுங்கள். 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) பேர்ல் வீவ் நெசவு நம் ஊர் வெயிலுக்குப் போதும்; 550 உறுதியானது, எதிராளிக்குப் பிடிக்கக் கடினம், ஆனால் சென்னையில் நவம்பர் மழையில் காய இரண்டு நாள் ஆகும். வாரம் மூன்று வகுப்பு என்றால் இரண்டு கி இல்லாமல் கதை நடக்காது. வெந்நீரும் டிரையரும் பருத்தியைச் சுருக்கும். போட்டிக்குப் போகிறவருக்கு அது முக்கியம்: கையை நேரே நீட்டும்போது சட்டைக்கை நுனி மணிக்கட்டு எலும்பிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ஐபிஜேஜேஎஃப் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். நிறமும் வெள்ளை, ராயல் நீலம், கறுப்பு மட்டும்தான். நோ-கியில் ராஷ்கார்டின் 10 சதவீதமாவது உங்கள் பெல்ட் நிறத்தில் இருக்க வேண்டும். ஷார்ட்ஸில் பாக்கெட்டோ ஜிப்போ இருக்கக் கூடாது. கால்விரல் பாக்கெட்டில் மாட்டினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தோலும் தோலும் உரசுவதால் நோ-கியில் படர்தாமரை எளிதில் தொற்றும். நீளக்கை ராஷ்கார்டும் ஸ்பாட்ஸ் என்னும் இறுக்கமான காலுடுப்பும் போடுவது இதற்காகத்தான், கூடவே வெறும் தோலைவிடக் கொஞ்சம் பிடியும் கிடைக்கும். கி போட்டவருக்குத் தொற்றே வராது என்று நினைக்க வேண்டாம். துவைக்காத பெல்ட் ஒன்று போதும். பெல்ட்டைத் துவைத்தால் திறமை போய்விடும் என்பவர் பக்கத்தில் உருளாதீர்கள்.

பக்கம் மாறும்போது

கியிலிருந்து நோ-கிக்குப் போகிறவர், கி வகுப்பிலேயே வாரத்தில் ஒரு ரோலைத் துணி தொடாமல் ஆடிப் பார்க்கலாம். பாடிலாக், அண்டர்ஹூக், தலையின் இடம் மூன்றும் அங்கேயே படிந்துவிடும். எதிர்த்திசையில் வருகிறவருக்குத்தான் சிரமம் அதிகம். சைட் கன்ட்ரோலில் (எதிராளி பக்கவாட்டில் மேலே படுத்து அழுத்தும் நிலை) மாட்டினால் ஒரு வேகமான உந்தலில் நழுவிப் பழகியவர் அவர். கியில் அந்த உந்தல் காலர் பிடியில் முடிந்துபோகும். அவர் முதலில் அசையக் கூடாது, முதலில் பிடியைப் பிய்க்க வேண்டும். எந்தக் கை காலரில், எந்தக் கை இடுப்புத் துணியில் என்று பார்த்து, காலர் கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் தள்ளி, முன்கையை அவருடைய கழுத்தில் முட்டுக்கொடுத்து, அதன் பிறகே இடுப்பை வெளியே நகர்த்த வேண்டும். விரல் கணுக்கள் முதல் மாதம் வீங்கும். ஒரு சென்டிமீட்டர் அகல டேப்பை நடுக்கணுவுக்கு மேலும் கீழும் ஒரு சுற்று, நடுவில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி என்று போடுங்கள். கணுவின் மேல் இறுக்கிச் சுற்றினால் விரல் மடங்காது. பிடி பறிபோகும்போது விரலால் பிடித்துத் தொங்காமல் விட்டுவிடப் பழகினால் டேப் செலவும் குறையும்.